ஐந்தாவது பட்டன்

மாசாணம் எங்கள் அலுவலகத்துக்கு வந்து ஏழு வருடம் ஆகிறது. பீளமேட்டில் பழைய மில் ஒன்றை இடித்துக் கட்டிய கட்டடத்தின் மூன்றாவது மாடியில் எங்கள் அலுவலகம். மருத்துவமனைகளுக்கு இணையப் பக்கங்கள் செய்து கொடுக்கிறோம். நான் பக்கங்களை எழுதுகிறவள், பெயர் லோகப்பிரியா. நான் எழுதியதைச் சோதித்துப் பார்த்துக் குறை சொல்ல வேண்டியவர் மாசாணம். குறை சொல்லத்தான் அவருக்குச் சம்பளமே. ஆனால் அவரளவுக்குக் குறை சொல்லத் தெரியாத மனிதரை நான் பார்த்ததில்லை.

அவருக்குக் கண் தெரியாது. விழித்திரையில் பிறவிக் கோளாறு. பத்தொன்பது வயதில், மிச்சம் இருந்த கொஞ்ச வெளிச்சமும் போய்விட்டது. திரையில் உள்ளதைக் குரலாகப் படித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடரை வைத்துத்தான் வேலை பார்க்கிறார். அந்தக் குரலை அவர் ஓடவிடும் வேகத்தில் நமக்குக் கேட்டால் எண்ணெயில் கடுகு பொரிகிற மாதிரி இருக்கும். அவருக்கு ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்கும்.

சொந்த ஊர் அன்னூருக்கு அந்தப் பக்கம். அப்பா அம்மா இருவரும் அடுத்தவர் காட்டில் வேலை பார்த்தவர்கள். முதல் இரண்டு குழந்தைகள் தங்காமல் போனதால் மாசாணியம்மனுக்கு வேண்டிக்கொண்டார்கள். பிறகு பிறந்த மகளுக்கு மாசாணியம்மாள், ஒன்பது வருடம் கழித்துப் பிறந்த மகனுக்கு மாசாணம். அக்காவுக்குப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. ஸ்பின்னிங் மில்லுக்கு வேலைக்குப் போனார். தம்பி கல்லூரியில் இருக்கும்போது பார்வை போனதும், ஷிப்ட் முடிந்து வந்து, தனக்கு ஒரு வரிகூடப் புரியாத வணிகவியல் புத்தகங்களை எழுத்துக்கூட்டி எழுத்துக்கூட்டி அவருக்குப் படித்துச் சொன்னது அந்த அக்காதான். மூன்று வருடமும் அப்படித்தான் போயிருக்கிறது. மாசாணத்தின் பட்டச் சான்றிதழில் இன்னொரு பெயரும் இருந்திருக்க வேண்டும் என்று நான் பலமுறை நினைத்ததுண்டு.

பின்னால் அந்த அக்காவுக்குச் சர்க்கரை வந்தது. முதலில் கண்ணை வாங்கியது, அப்புறம் சிறுநீரகத்தை. வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அன்னூரில் ஒற்றை அறை வீட்டில் தனியாக இருந்தார். பீளமேட்டுக்கு வந்துவிடுங்கள் என்று தம்பி கூப்பிட்டுக்கொண்டே இருந்தார், அவர் வரவில்லை. செல்போனில் குரல் வைத்துக் கேட்டு அமுக்கப் பழகிக்கொண்டார். டயாலிசிஸ் பதிவைத் தன் கையாலேயே செய்வதில் அவருக்கு அவ்வளவு கர்வம். "யாரையும் கெஞ்ச வேண்டியதில்லைங்க அம்மணி, என்ற விரலே போதும்" என்று ஒருமுறை போனில் என்னிடமே சொன்னார். அவர் பதிவு செய்த பக்கம் நாங்கள் செய்து கொடுத்தது. அதன் பட்டன்களை எழுதியது நான்.

அந்தப் பட்டனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். திரையில் தெரியும் எழுத்து கண் இருப்பவர்களுக்கு. அதே பட்டனை உருவாக்கும் டேக் என்கிற குறியீட்டுக்குள் அட்ரிபியூட் என்று சில குறிப்புகளும் எழுதி வைப்போம், அவை திரையில் தெரியாது. ஸ்கிரீன் ரீடருக்கென்றே ஒரு அட்ரிபியூட் உண்டு. அதில் என்ன எழுதியிருக்கிறதோ அதைத்தான் குரல் படிக்கும். திரையில் உள்ள எழுத்தை அது சட்டை செய்யாது.

இப்போதெல்லாம் பட்டன்களை ஒவ்வொன்றாக யாரும் எழுதுவதில்லை. ஒரு பட்டனை அச்சு மாதிரி, காம்போனென்ட்டாகச் செய்து வைத்துவிட்டு நாள், நேரம் என்று விவரத்தைக் கொடுத்தால் வேண்டிய மட்டும் வந்து நிற்கும். விவரம் மாறினால், பக்கத்தை இயக்குகிற ஃப்ரேம்வொர்க் பழைய பட்டனைத் தூக்கி எறியாது. அதையே வைத்துக்கொண்டு எழுத்தை மாற்றும். அட்ரிபியூட்டும் கூடவே மாற வேண்டுமென்றால் அதையும் விவரத்தோடு கட்டி வைக்க வேண்டும். நான் கட்டவில்லை. குரல் படிக்க வேண்டிய தமிழ்ச் சொற்கள் இருந்த கோப்பு என் கைக்குத் தாமதமாகத்தான் வந்தது. எனக்கோ அவசரம். பட்டன் முதலில் தோன்றும்போது ஒரே ஒரு தடவை அட்ரிபியூட்டை ஒட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டேன். குடித்தனக்காரர் மாறிவிட்டார், வாசலில் பழைய பெயர்ப்பலகையே தொங்குகிறது. அந்த மாதிரிப் பிழை.

பக்கத்தைத் திறந்தால் வாரத்தின் எல்லா நேரங்களும் வரிசையாக வரும். ஐந்தாவது பட்டன் செவ்வாய் காலை ஏழு மணி. குரலும் அதையேதான் சொல்லும். மேலே 'காலியிடம் மட்டும்' என்று ஒரு பெட்டி. அதில் டிக் போட்டால் நிரம்பிய நேரங்கள் மறைந்து, மிச்சம் உள்ளவை மேலே நகர்ந்து வரும். இப்போது ஐந்தாவது இடத்தில் வேறு நாள், வேறு நேரம். திரையில் சரியாகத்தான் தெரியும். குரல் மட்டும் இன்னமும் "செவ்வாய் காலை ஏழு மணி" என்று சொல்லிக்கொண்டிருக்கும்.

மாசாணம் இதை முதல் நாளே கண்டுபிடித்துவிட்டார். குறைகளைப் பதிவு செய்ய எங்களிடம் டிக்கெட் முறை இருக்கிறது. அவர் எழுதியது அப்படியே என் மனதில் நிற்கிறது. "காலியிடம் டிக் போட்டதுக்கு அப்பறம் பழைய நேரமே கேக்கற மாதிரி இருக்குதுங்க. என்ற காதுக் கோளாறாகவும் இருக்கலாமுங்க. நேரம் கெடைச்சா ஒருக்கா பாத்துடலாமுங்களா." அவசரத்தைக் குறிக்க நான்கு நிலைகள் உண்டு. மேல் நிலையைப் போட்டால் வெளியீடே நின்றுவிடும். அவர் போட்டிருந்தது கடைசி நிலை.

நான் டிக் போட்டுத் திரையைப் பார்த்தேன். நேரங்கள் சரியாக இருந்தன. கேட்டுப் பார்க்கத் தோன்றவில்லை. 'சரியாக உள்ளது' என்று எழுதி மூடினேன். இரண்டு நாள் கழித்து மறுபடியும் திறந்திருந்தார். "தொந்தரவுக்கு மன்னிக்கோணுமுங்க" என்று தொடங்கியிருந்ததும் என்ன எழுதியிருப்பார் என்று எனக்கே தெரிந்துவிட்ட நினைப்பு. மறுபடி திரையைப் பார்த்தேன், மூடினேன். மூன்றாவது தடவை இருக்கைக்கே வந்து நின்றார்.

"ஏனுங்க மேடம், அந்தக் காலியிட விஷயமுங்க..."

"ரெண்டு தடவை பாத்துட்டேனுங்க மாசாணம். எனக்குச் சரியாத்தான் இருக்குது."

"சரிங்க மேடம்" என்றார். போய்விட்டார். பக்கம் வெள்ளிக்கிழமை வெளியானது.

என் மேல் எனக்கு வருகிற ஆத்திரம் இங்கேதான். நான் சூலூர்ப் பக்கம் சொந்தத் தோட்டம் வைத்திருந்தவர்கள் வீட்டில் பிறந்தவள். எங்கள் தோட்டத்தில் வேலை பார்த்தவர், மோட்டார் கருகிப் புகை வந்தால்கூட, "மோட்டாருக்குக் கொஞ்சம் ஒடம்பு செரியில்லாத மாதிரி இருக்குதுங்க, ஒருக்கா பாத்தாத் தேவலைங்க" என்றுதான் சொல்வார். எங்கள் அப்பா சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடுவார். அந்தப் பேச்சுக்கு என்ன அர்த்தம் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். நேராகச் சொன்னால் யார் முகம் சுளிப்பார்களோ, எந்த வேலை போய்விடுமோ என்று தலைமுறை தலைமுறையாகப் பயந்து பயந்து பழகிய பேச்சு அது. அந்தப் பயத்தை உண்டாக்கினவர்கள் எங்கள் ஆட்கள். அதே பேச்சு கம்ப்யூட்டரில் எழுத்தாக வந்ததும் எனக்கு அது மறந்துபோயிற்று. அவருக்கே நிச்சயமில்லை என்று எடுத்துக்கொண்டேன். நான் எல்லோரையும் 'ங்க' போட்டுப் பேசுகிறவள், பழைய ஆள் இல்லை என்ற மிதப்பு வேறு.

மாசாணம் என்னோடு சண்டை போடவில்லை. அதற்குப் பதில் அக்காவுக்குச் சுற்றுவழி சொல்லிக் கொடுத்திருக்கிறார். "காலியிடம் டிக் போடாதீங்க அக்கா. ஒன்னொன்னா கேட்டுட்டே போங்க" என்று. இருபத்துநாலு பட்டனையும் கேட்டுக்கொண்டே போக வேண்டும். டயாலிசிஸ் ஊசி போட்டுப் போட்டுக் கை வீங்கிக் கிடக்கிற ஒருவர், வாராவாரம், நான் கட்டாமல் விட்ட ஒரு வரிக்காக அப்படிச் செய்துகொண்டிருந்தார்.

போன ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை டயாலிசிஸ் முடிந்து வீட்டுக்குப் போனார். சனிக்கிழமை அடுத்த வாரத்துக்குப் பதிவு செய்ய உட்கார்ந்தபோது கை வலி. டிக் போட்டுவிட்டார். குரல் ஒவ்வொன்றாகச் சொல்ல, "செவ்வாய் காலை ஏழு மணி" என்றதும் அமுக்கினார். பதிவாகிவிட்டது என்று குரல் சொன்னது. நாளும் நேரமும் குறித்துக் குறுஞ்செய்தியும் வந்திருக்கிறது, ஆங்கிலத்தில். அவர் போனில் இருந்த தமிழ்க் குரல் அதை எழுத்தெழுத்தாக உடைத்துப் படிக்கும். அதை அவர் முழுசாகக் கேட்டதே இல்லை.

செவ்வாய்க்கிழமை விடிவதற்கு முன் அன்னூரில் பஸ் ஏறி ஏழு மணிக்கு மருத்துவமனையில் நின்றார். அன்றைய பட்டியலில் அவர் பெயர் இல்லை, வியாழன் மதியம் இரண்டு மணிக்கு இருந்தது. மெஷின் எதுவும் காலியில்லை. மூச்சு வாங்குகிறதா என்று நர்ஸ் கேட்டிருக்கிறார். "கொஞ்சமா இருக்குதுங்க, பரவால்லீங்க, நான்தான் தப்பா அமுக்கிப்போட்டேனாட்ட இருக்குது, வியாழக்கிழமையே வாரேனுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டார். நர்ஸும் அந்தக் 'கொஞ்சம்' என்ற சொல்லை நம்பிவிட்டார்.

வியாழன் விடிகாலையில் மூச்சு முட்டியது. பக்கத்து வீட்டு ஜெரோம் தன் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். கோவில்பாளையம் தாண்டும்போது உயிர் போய்விட்டது. மருத்துவமனை வாசலில் தம்பி வெள்ளைக்கோலைப் பிடித்துக்கொண்டு காத்து நின்றார். மதியம் இரண்டு மணிக்கு அங்கே ஒரு மெஷின் அக்காவின் பெயரில் காலியாக இருந்திருக்கும்.

மூன்றாம் நாள் நான் அன்னூருக்குத் துக்கம் கேட்கப் போனேன். அதுவரைக்கும் எனக்கு ஒன்றும் தெரியாது. டயாலிசிஸ் நோயாளி, முடியாமல் போய்விட்டார் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். மாசாணம் சத்தத்தை வைத்தே ஆளைத் தெரிந்துகொண்டு எழுந்து, தடவிப் பார்த்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எனக்கு இழுத்துப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். நானும் தரையிலேயே உட்கார்ந்தேன். அப்படி உட்கார்ந்ததை, அந்த நேரத்திலும், உள்ளுக்குள் பெருமையாக நினைத்துக்கொண்டேன். நான் இவ்வளவுதான்.

பிறகு அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு போனை எடுத்தார். பின்பக்கம் ரப்பர் பேண்ட் சுற்றியிருந்தது. அக்காவின் போன்.

"மேடம், ஒரு ஒத்தாசை பண்ணோணுமுங்க. எனக்குக் கேக்கறது மட்டுந்தான் தெரியும். திரையில என்ன இருக்குதுன்னு நீங்கதான் பாத்துச் சொல்லோணுமுங்க."

எங்கள் பக்கத்தைத் திறந்தார். காலியிடம் டிக் போட்டார். விரலால் தள்ளித் தள்ளி ஐந்தாவது பட்டனில் நின்றார். குரலை மெதுவாக ஓடவிட்டார், எனக்காக.

"செவ்வாய், காலை ஏழு மணி" என்றது போன்.

திரையில் வெள்ளி மாலை ஆறு மணி என்று இருந்தது.

வேறு ஏதாவது சொல்லிவிட்டு எழுந்து போயிருக்கலாம், அவருக்குத் தெரியப் போவதில்லை. அப்படி ஒரு நினைப்பு வந்தது என்பதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். அவர் முகத்தை என் பக்கம் திருப்பியபடி காத்திருந்தார்.

"வெள்ளி, சாயங்காலம் ஆறு மணின்னு இருக்குதுங்க மாசாணம்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். "அப்ப அக்கா தப்பா அமுக்குலீங்க" என்றார்.

"இல்லீங்க."

"செவ்வாக்கிழமை சாயங்காலமே போன்ல சொல்லுச்சுங்க, கண்ணு, நான்தான் தப்பா அமுக்கிப்போட்டேன்னு. டிக் போட்டீங்களா அக்கான்னு கேட்டேன். ஆமான்னுச்சு. அப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அது உங்க தப்பில்லீங்கக்கா, பக்கத்துலதான் தப்புன்னேன். நம்பலீங்க. அந்த மேடம் ரெண்டு தடவை பாத்துட்டாங்கன்னு நீதானே சொன்னே, படிச்சவங்க தப்பு பண்ணுவாங்களான்னுச்சு." போனில் சுற்றியிருந்த ரப்பர் பேண்டை இழுத்துச் சரிசெய்தார். "ஆட்டோவுலயும் அதையேதான் சொல்லீட்டு வந்திருக்குதுங்க. விரல் கெட்டுப்போச்சு, விரல் கெட்டுப்போச்சுன்னு ஜெரோம்கிட்ட."

நான் அழுதேன். அழ எனக்கு என்ன உரிமை இருக்கிறது என்று தெரிந்தும் அழுதேன். "மாசாணம், அந்த வரியை எழுதினது நானுங்க. நீங்க மூணு தடவை சொன்னீங்க. நான் கேட்டே பாக்குலீங்க."

"நானும் அதே காரியந்தானுங்க பண்ணேன்" என்றார் அவர். "புதன்கிழமை மூச்சு எப்படி இருக்குதுங்கக்கான்னு கேட்டேன். கொஞ்சமாத்தான் வாங்குதுன்னுச்சு. நான் எப்படிப் பேசுவேன்னு எனக்குத் தெரியுமுங்களே. அது என்ற அக்கா, அதுவும் அப்படித்தானுங்க பேசும். அப்பறமும் கொஞ்சந்தான் போலிருக்குதுன்னு இருந்துட்டேனுங்க."

இழவு வீட்டில் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லக் கூடாது. சொல்லாமல் எழுந்து வந்தேன்.

நேராக அலுவலகம் போனேன். ஒட்டின வரியை எடுத்துவிட்டு, விவரம் மாறும்போதெல்லாம் அட்ரிபியூட்டும் மாறும்படி கட்டினேன். பதினோரு நிமிடம் ஆயிற்று. பிறகு கண்ணை மூடிக்கொண்டு இருபத்துநாலு பட்டனையும் காதால் கேட்டேன். முதல் தடவையாக.

மருத்துவமனைக்கு அறிக்கை அனுப்ப வேண்டியிருந்தது. எங்கள் மேலாளர் சுந்தரராஜுலு நல்ல மனிதர்தான், ஆனால் கம்பெனியையும் பார்க்க வேண்டியவர். அவர் எழுதி வைத்திருந்த வரைவில், பயன்படுத்துபவர் தவறான நேரத்தைத் தேர்ந்தெடுத்ததாகத் தெரிகிறது என்று ஒரு வரி இருந்தது. அதை அடித்தேன்.

"லோகா, இப்படியே போனா உன்ற பேருதான் வரும்மா" என்றார்.

"வரட்டுங்க சார்" என்றேன். மாசாணியம்மாள் தவறாக அழுத்தவில்லை, பட்டன் சொன்ன நேரம் தவறு, அதை எழுதியவள் லோகப்பிரியா, சோதித்தவர் மூன்று முறை தெரிவித்தும் நான் திருத்தவில்லை என்று எழுதினேன். சுந்தரராஜுலு வெகு நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அடுத்த இரண்டு வருடத்துக்கு எனக்குப் பதவி உயர்வு இல்லை என்று முடிவாயிற்று. அது எனக்குச் சின்ன விஷயம்.

காரியம் முடிந்து, பதினேழாம் நாள் மாசாணம் வேலைக்கு வந்தார். எல்லோருக்கும் வணக்கம் வைத்தார். அந்த அறிக்கையை அவருக்கு அனுப்பியிருந்தேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டார். கடுகு பொரிகிற வேகம் இல்லை, குரலை மிக மெதுவாக ஓடவிட்டிருந்தார் என்பது அவர் தலையின் அசைவிலேயே தெரிந்தது. ஒரு இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போய்க் கேட்டார். எந்த வரி என்று நான் கேட்கவில்லை. பிறகு ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வெளியே போனார். ஊருக்குப் போய் வரும் நாளில் அரிசிம்பருப்புச் சோறு கட்டிக் கொடுக்க இப்போது அக்கா இல்லை. மெஸ்ஸில் வாங்கி வந்திருந்தார்.

அன்று மதியம் வேறொரு பக்கம் வெளியாக இருந்தது. ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கானது, அதுவும் நான் எழுதியதுதான். மூன்று மணி வாக்கில் ஒரு டிக்கெட் வந்தது, மாசாணத்திடமிருந்து. அவசர நிலையில், ஏழு வருடத்தில் அவர் ஒருநாளும் தொடாத மேல் நிலை. உள்ளே இரண்டே வரி.

"முடிவுகள் பட்டியலில் தேதி தப்பாகக் கேட்கிறது. இதை வெளியிடக் கூடாது."

நான்கு இருக்கை தள்ளி உட்கார்ந்திருந்தார். கை விசைப்பலகை மேலேயே இருந்தது. இப்படி எழுத அந்த மனிதருக்கு ஒரு அக்கா போக வேண்டியிருந்தது. ஒரு நிமிடம் கழித்து அதே டிக்கெட்டின் கீழே இன்னொரு வரி வந்து விழுந்தது.

"கோவிச்சுக்காதீங்க மேடம்."

ஹெட்போனை மாட்டினேன். தேதியைக் காதால் கேட்டேன். தப்பாகத்தான் இருந்தது. வெளியீட்டை நிறுத்திவிட்டுப் பதில் எழுதினேன்.

"கோவமெல்லாம் இல்லீங்க மாசாணம். கேட்டேன். நிறுத்திப்போட்டேன்."